நாலு டிஸ்க் இருந்தும் ரெய்டு 5 ஏன் எழுதும்போது மட்டும் திணறுது

கேட்டது இதுதான். கல்யாண வீடியோ எடிட் பண்ற ஸ்டுடியோ, ஒரு பழைய சர்வர்ல லினக்ஸ் போட்டு நாலு 4 டிபி டிஸ்க்கை எம்டி சாஃப்ட்வேர் ரெய்டு 5ஆ கட்டி வச்சிருக்கீங்க (ரெய்டு 5ன்னா பல டிஸ்க்கை ஒண்ணா சேத்து, அதுல ஒண்ணு செத்தாலும் டேட்டா தப்பிக்கிற மாதிரி கட்டறது, எம்டிங்கிறது அதை செய்ய லினக்ஸ்லயே இருக்கிற சாஃப்ட்வேர்). எடிட்டிங் மெஷின்ல இருந்து நெட்வொர்க் வழியா படிச்சா செகண்டுக்கு 110 எம்பி வருது, எழுதும்போது 35, 40க்கு மேல ஏறமாட்டேங்குது, குட்டி குட்டி ஃபைலா இருந்தா 5 எம்பிக்கும் கீழ போயிடுது. ரெய்டு கார்டு வாங்கலாமா, இல்ல மொத்தமா எஸ்எஸ்டிக்கு மாறிடலாமானு கேட்டிருக்கீங்க.

இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. ஸ்டோரேஜ்ல ஸ்பீடு கம்மினா அதுக்கு ஒரே அர்த்தம்தான், யாரோ ஒருத்தர் இன்னொருத்தருக்காக காத்துக்கிட்டு நிக்கிறாங்க. யாரு யாருக்காக நிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்காம காசை கொட்டினா, புதுசா வந்தவரும் அதே க்யூல போய் நின்னுக்குவாரு. நான் பல வருஷமா இந்த மாதிரி சர்வர்களோடதான் இருக்கேன், அதுல பாதிக்கு மேல ஒரு ரூபா செலவில்லாம, இல்லன்னா ஒரு கேபிள் விலையில சரியானதுதான்.

முதல்ல அந்த 110ஐ பாருங்க. அது உங்க ரெய்டோட வேகமே இல்ல. ஜிகாபிட் நெட்வொர்க்னா கணக்குப்படி செகண்டுக்கு 125 எம்பி, அதுல பாக்கெட் ஹெடர் அது இதுன்னு போக கைக்கு வர்றது 110ல இருந்து 117 வரைக்கும்தான். அதாவது படிக்கிறப்ப உங்க டிஸ்க்கெல்லாம் சும்மா உக்காந்திருக்கு, வயருதான் முட்டுது. இன்னைக்கு விக்கிற ஒரு 7200 ஆர்பிஎம் டிஸ்க் தனியாவே வெளிவட்டத்துல 180, 200 எம்பி படிக்கும், உள்வட்டத்துக்கு போகப்போக அது கிட்டத்தட்ட பாதியா குறையும் (டிஸ்க் நிறைய நிறைய ஸ்லோவான மாதிரி தெரியறதுக்கு இதுவும் ஒரு காரணம்). அதனால படிக்கிற கேஸை தனியா வச்சிடுங்க, எழுதுற கேஸ்தான் உண்மையான வியாதி.

அளக்கும்போது ஏமாறாம இருக்கணும். நிறைய பேரு டிடிங்கிற காப்பி கமாண்டை அப்படியே ஓட்டி 900 எம்பி வருது, 1 ஜிபி வருதுன்னு சொல்வாங்க, அது டிஸ்க்குக்கு போகவே இல்ல, ரேம்ல பேஜ் கேஷ்ல போய் உக்காந்துடுச்சு, கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அப்புறமா நிதானமா எழுதிக்கும். டிஸ்க் வேகம் அளக்கற ஃபியோ டூலை போட்டு டைரக்ட் மோடுல (அந்த கேஷை தாண்டி நேரா டிஸ்க்குக்கு), ரேமை விட பெரிய ஃபைலா வச்சு, சர்வர்லயே உக்காந்து ஓட்டுங்க, நெட்வொர்க் வேண்டாம். ஒரு தடவை 1 எம்பி பிளாக்ல வரிசையா எழுதறது, இன்னொரு தடவை 4 கேபி பிளாக்ல அங்கங்க தாவி எழுதறது, ரெண்டையும் பேப்பர்ல குறிச்சு வச்சுக்கோங்க. அப்புறம் நாலு டிஸ்க்கையும் தனித்தனியா படிச்சு மட்டும் பாருங்க. இத அழுத்தி சொல்றேன், ரெய்டுக்குள்ள இருக்கிற டிஸ்க் மேல நேரா எழுதுற டெஸ்ட் ஓட்டிடாதீங்க, உள்ள இருக்கிற டேட்டா அந்த நிமிஷமே போச்சு, படிக்கிற டெஸ்ட் மட்டும்தான்.

இப்ப ரெய்டு 5 ஏன் எழுதும்போது திணறுதுன்னு புரிஞ்சுக்கிட்டா மீதியெல்லாம் தானா விளங்கிடும், அதனால இதுல கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன். நாலு டிஸ்க்ல மூணுல டேட்டா, ஒண்ணுல பேரிட்டி, அந்த பேரிட்டி இருக்கிற இடம் மட்டும் டிஸ்க்குக்கு டிஸ்க் சுத்தி சுத்தி மாறும். மூணு டிஸ்க்ல 5, 9, 6ன்னு மூணு நம்பர் இருக்குன்னு வச்சுக்கோங்க. இத பைனரியா எழுதி எக்ஸார் போட்டா (ரெண்டு ரெண்டா பிட் பிட்டா ஒப்பிட்டு, வேற வேறயா இருந்தா 1, ஒண்ணா இருந்தா 0ன்னு போடற கணக்கு) 10 வரும், அதுதான் பேரிட்டி. எந்த டிஸ்க் செத்தாலும் மிச்சம் மூணையும் எக்ஸார் போட்டா போனது திரும்ப கிடைச்சிடும். சரி, இப்ப நீங்க அந்த 9ஐ மட்டும் 12ஆ மாத்தணும். 12ஐ எழுதிட்டு போயிட முடியாது, பேரிட்டியும் மாறணுமில்ல. அதனால பழைய 9ஐ படிக்கணும், பழைய பேரிட்டி 10ஐ படிக்கணும், 10ல இருந்து 9ஐ எக்ஸார் பண்ணி எடுத்தா 3, அதுல 12ஐ சேத்தா 15, அப்புறம் 12ஐ எழுதணும், 15ஐ எழுதணும். ஒரே ஒரு எழுத்துக்கு ரெண்டு படிப்பு, ரெண்டு எழுத்து, மொத்தம் நாலு வேலை.

இதுல கணக்கு போடற வேலை ஒண்ணுமே இல்ல, ப்ராசஸர் அதை கண்ண மூடி திறக்கறதுக்குள்ள முடிச்சிடும். வலி எங்கன்னா தட்டு சுத்துறதுல. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுத்து சுத்த 8.33 மில்லிசெகண்டு ஆகும். பழைய பிளாக்கை படிச்சு முடிச்ச நேரத்துல அந்த இடம் ஹெட்டை தாண்டி போயிடுச்சு, திரும்ப அதே இடத்துல எழுதணும்னா முழு சுத்து சுத்தி வர்ற வரைக்கும் ஹெட் சும்மா நிக்கணும். பஸ் ஸ்டாப்ல கண்ணு முன்னாடி பஸ் போயிடுச்சுன்னா அது ரூட் முழுக்க சுத்திட்டு திரும்ப வர்ற வரைக்கும் நிக்கிற மாதிரிதான்.

நம்பரா சொல்றேன். அந்த மாதிரி ஒரு டிஸ்க் செகண்டுக்கு 75, 80 தாவல் எழுத்துதான் தாங்கும். நாலு டிஸ்க்குக்கு 300 சொச்சம். ரெய்டு 5ல அதை நாலால வகுக்கணும், அப்ப திரும்ப 75, 80. நாலு டிஸ்க் வாங்கி போட்டும் குட்டி எழுத்துல ஒத்த டிஸ்க்கோட பலம்தான் கிடைக்குது. 4 கேபி வீதம் பாத்தா செகண்டுக்கு 320 கேபி, எம்பி கூட இல்ல. ரெண்டு பேரிட்டி வைக்கிற ரெய்டு 6ஆ இருந்தா ஆறால வகுக்கணும், இன்னும் மோசம். அதே நாலு டிஸ்க் ரெய்டு 10ஆ (பேரிட்டி இல்லாம எல்லாத்தையும் ரெண்டு காப்பியா வைக்கிறது) இருந்தா ரெண்டால வகுத்தா போதும், 150, 160 வரும். இது புதுசா யாரோ கண்டுபிடிச்ச குறையும் இல்ல, 1988ல பெர்க்லில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் ரெய்டுன்னு பேரு வச்சு எழுதின அந்த முதல் கட்டுரையிலயே குட்டி எழுத்துன்னா படிச்சு மாத்தி எழுதணும், அது செலவுன்னு தெளிவா சொல்லியிருக்காங்க.

ஆனா இதுக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கு, உங்க வீடியோ ஃபைலுக்கு அதுதான் கை கொடுக்கும். ஒரு ஸ்ட்ரைப்ல (நாலு டிஸ்க்லயும் ஒரே வரிசையில இருக்கிற பகுதிங்க சேந்த பட்டை) இருக்கிற மூணு டேட்டா பகுதிக்கும் புது டேட்டா ஒரே நேரத்துல கையில இருந்துச்சுன்னா பழசை படிக்க வேண்டியதே இல்ல, மூணையும் எக்ஸார் போட்டு பேரிட்டி கண்டுபிடிச்சு நாலையும் ஒரே மூச்சா எழுதிடலாம். இதைத்தான் முழு ஸ்ட்ரைப் எழுத்துன்னு சொல்வோம். எம்டியில இப்ப டிஃபால்ட் சங்க் சைஸ், அதாவது ஒரு ஸ்ட்ரைப்ல ஒரு டிஸ்க்கோட பங்கு, 512 கேபி, மூணு டேட்டா டிஸ்க்குக்கு 1.5 எம்பி சேந்தா ஒரு முழு ஸ்ட்ரைப். 40 ஜிபி வீடியோவை காப்பி பண்ணும்போது டேட்டா வரிசையா வந்துக்கிட்டேதான இருக்கு, அப்ப ஏன் 35லயே நிக்குது? ஏன்னா சேத்து வைக்க இடம் இல்ல.

அந்த இடத்துக்கு பேருதான் ஸ்ட்ரைப் கேஷ். சிஸ் ஃபைல்சிஸ்டத்துல (கர்னலோட செட்டிங்ஸ் ஃபைல் மாதிரி தெரியற இடம்) உங்க எம்டி டிவைஸுக்கு கீழ ஸ்ட்ரைப் கேஷ் சைஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், திறந்து பாருங்க, யாரும் கை வைக்கலன்னா 256ன்னு இருக்கும். அந்த 256 கேபியும் இல்ல எம்பியும் இல்ல, ஒரு டிஸ்க்குக்கு இத்தனை 4 கேபி பேஜ்னு அர்த்தம். 256ஐ 4 கேபியால பெருக்குனா டிஸ்க்குக்கு 1 எம்பி, சங்க் 512 கேபி, ஆக மொத்தம் ரெண்டே ரெண்டு முழு ஸ்ட்ரைப்தான் கையில வச்சுக்க முடியும். டேட்டா கொஞ்சம் முன்ன பின்ன வந்தாலோ ரெண்டு பேரு ஒரே நேரத்துல காப்பி போட்டாலோ பாதி நிரம்பின ஸ்ட்ரைப்பை வெளிய தள்ளித்தான் ஆகணும், தள்ளினா மறுபடி அந்த படிச்சு மாத்தி எழுதுற கதைதான். இதை 4096 ஆக்குங்க. ரேம் எவ்வளவு போகும்னா 4 கேபி பெருக்கல் நாலு டிஸ்க் பெருக்கல் 4096, 64 எம்பி. 8192 வச்சா 128 எம்பி. இன்னைக்கு இருக்கிற ரேமுக்கு இது ஒரு பொருட்டே இல்ல. 32768 வரைக்கும் அது ஏத்துக்கும், ஆனா சும்மா உச்சத்துக்கு கொண்டு போகாதீங்க, ஒவ்வொரு படியா ஏத்தி ஃபியோ ஓட்டி பாருங்க, ஒரு இடத்துக்கு மேல ஏறாம நின்னுடும், அங்கயே விட்டுடுங்க. இந்த ஒரே ஒரு நம்பர் மாத்தி எழுதுற வேகம் ரெண்டு மடங்குக்கு மேல போனதை நான் பல இடத்துல கண்ணால பாத்திருக்கேன். சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்தலாம், எதையும் நிறுத்த வேண்டாம். ரீபூட் ஆனா மறந்திடும், அதுக்கு யூடெவ் ரூல்ல (டிவைஸ் வரும்போதெல்லாம் லினக்ஸ் தானா செய்ய வேண்டியதை எழுதி வைக்கிற ஃபைல்) எழுதி வைக்கணும்.

அடுத்தது பிட்மேப். பெரிய அரே (ரெய்டா சேத்த டிஸ்க் கூட்டம்) கட்டும்போது எம்டி தானாவே ஒரு ரைட் இன்டென்ட் பிட்மேப் போட்டு வச்சிடும். ஒரு பகுதியில எழுதறதுக்கு முன்னாடி இந்த பகுதியில கை வைக்கப்போறேன்னு டிஸ்க்ல ஒரு குறி போட்டுட்டு அப்புறம்தான் எழுதும், கரண்ட் போயி திடீர்னு ஆஃப் ஆயிடுச்சுன்னா திரும்ப வரும்போது குறி போட்ட இடத்தை மட்டும் சரி பாத்தா போதும். அருமையான ஏற்பாடு, ஆனா அந்த குறி டிஸ்க்கோட ஆரம்பத்துல இருக்கு, உங்க டேட்டா நடுவுல எங்கயோ இருக்கு, ஹெட் அங்க ஓடி குறி போட்டுட்டு இங்க வந்து எழுதிட்டுன்னு அலையும். ஒரு குறி எவ்வளவு பெரிய பகுதிக்குன்னு பாருங்க, சின்னதா இருந்தா பிட்மேப்பை எடுத்துட்டு 128 எம்பிக்கு ஒரு குறின்னு வச்சு திரும்ப போடுங்க, அலைச்சல் குறையும். வேகம் வேணும்னு பிட்மேப்பையே எடுத்துடுங்கன்னு சில பேரு சொல்வாங்க, கேக்காதீங்க. அது இல்லன்னா ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் 4 டிபி முழுசா ரீசிங்க் (பேரிட்டியை திரும்ப சரி பாத்து பொருத்தறது) ஆகணும், செகண்டுக்கு 150 எம்பி வீதம் போட்டாலே ஏழரை மணி நேரம் கிட்ட ஆகும், அந்த நேரம் பூரா நீங்க நத்தை வேகத்துல வேலை பாக்கணும், அந்த நேரத்துல ஒரு டிஸ்க் போச்சுன்னா வருத்தம்தான் மிச்சம்.

இதெல்லாம் பண்ணியும் ஏறலைன்னா, நாலு பேர்ல எவனோ ஒருத்தன் நொண்டுறான்னு அர்த்தம். உண்மைய சொல்லணும்னா இதைத்தான் முதல்லயே பாக்கணும், ஸ்ட்ரைப் கேஷ் சுலபம்ங்கிறதால முன்னாடி சொல்லிட்டேன். ரெய்டு 5ல முழு ஸ்ட்ரைப் எழுத்து முடிஞ்சதுன்னு சொல்ல நாலு டிஸ்க்கும் முடிச்சிருக்கணும், அதனால இருக்கிறதுலயே மெதுவானவன் வேகம்தான் எல்லாருடைய வேகமும். மூணு பேரு வேகமா நடந்து என்ன பிரயோஜனம், நாலாவது ஆளு வர்ற வரைக்கும் நிக்கணும்.

போன வருஷம் உங்க மாதிரியே ஒரு ஸ்டுடியோவுல கூப்பிட்டிருந்தாங்க. புது டிஸ்க், புது பெட்டி, எழுதினா 20 எம்பி. பெரிய ஃபைல் ஒண்ணை காப்பி போட்டுட்டு ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு வேலை பாக்குதுன்னு காட்டற ஐஓஸ்டாட் கமாண்டை எக்ஸ் ஆப்ஷனோட ஒரு செகண்டுக்கு ஒரு தடவை ஓட விட்டு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுல டபிள்யூ அவெயிட்னு ஒரு நெடுவரிசை வரும், ஒரு எழுத்துக்கு எத்தனை மில்லிசெகண்டு காத்திருந்துச்சுன்னு அது சொல்லும். மூணு டிஸ்க்குக்கு 9, 12, 10னு போய்க்கிட்டு இருக்கு, கடைசி டிஸ்க்குக்கு மட்டும் 160, 210, 185. டிஸ்க் எத்தனை சதவீத நேரம் பிஸின்னு சொல்ற யூட்டில் நெடுவரிசையில மூணும் 15, 20 சதவீதம், கடைசி மட்டும் 100லயே ஒட்டிக்கிட்டு நிக்குது. இதுக்கு மேல சாட்சி வேணுமா. கர்னல் மெசேஜை திருப்பி பாத்தா மத்ததெல்லாம் சாட்டா லிங்க் 6 ஜிகாபிட்ல ஏறியிருக்கு, இது மட்டும் தடுக்கி தடுக்கி 1.5க்கு இறங்கி நிக்குது. ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன்னோட ஆரோக்கியத்தை தானே எழுதி வைக்கிற கணக்கு) 199னு நம்பர் போட்ட வரி, அதாவது கேபிள் வழியில டேட்டா சிதைஞ்ச சிஆர்சி எரர் எண்ணிக்கை, சில ஆயிரத்துல இருந்துச்சு, மறு தடவை பாக்கும்போது இன்னும் ஏறியிருந்துச்சு. டிஸ்க்ல ஒரு குத்தமும் இல்ல. பெட்டியை திறந்தா அந்த சாட்டா கேபிளை மூடி அழுத்தி கிட்டத்தட்ட மடிச்சு வச்சிருந்தது. வேற கேபிள் மாத்தினதும் நாலு டிஸ்க்கும் ஒரே சீரா ஓட ஆரம்பிச்சது. அவங்க அதுக்குள்ள புது கார்டுக்கு கொட்டேஷன் வாங்கி வச்சிருந்தாங்க, அதுதான் எனக்கு மனசு கஷ்டமா இருந்தது.

சிஆர்சி ஏறுனா கேபிள், 5ன்னு நம்பர் போட்ட வரி (கெட்டுப்போயி மாத்தின செக்டர்) இல்லன்னா 197னு நம்பர் போட்ட வரி (படிக்க முடியாம நிக்கிற செக்டர்) ஏறுனா டிஸ்க்கே போகப்போகுது, இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க. அதிர்வும் ஒரு காரணமா இருக்கும். 2008ல ப்ரெண்டன் கிரெக்னு ஒரு பர்ஃபார்மன்ஸ் இன்ஜினியர் டேட்டா சென்டர்ல ஓடிக்கிட்டிருந்த டிஸ்க் அடுக்கு முன்னாடி நின்னு ஓங்கி கத்தினாரு, கத்துன அந்த நொடியில டிஸ்க்கோட லேட்டன்சி கிராஃப்ல மேல எகிறினதை வீடியோவாவே காமிச்சாரு. சத்தத்துக்கே அப்படின்னா, ஸ்க்ரூ போடாம தளதளன்னு ஆடுற டிஸ்க்கும், பக்கத்துல உறுமுற ஃபேனும் என்ன பண்ணும்னு யோசிச்சுக்கோங்க.

நொண்டுறதுக்கு இன்னொரு பெரிய காரணம் எஸ்எம்ஆர் டிஸ்க். இடம் மிச்சம் பண்ண ஓட்டு வீட்டுல ஓடு அடுக்கற மாதிரி ஒரு ட்ராக் மேல பாதி ஏறுற மாதிரி அடுத்த ட்ராக்கை எழுதியிருப்பாங்க. படிக்கறதுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல, ஆனா நடுவுல ஒரு ஓட்டை மாத்தணும்னா அதுக்கு மேல இருக்கிற வரிசையையெல்லாம் எடுத்து திரும்ப அடுக்கணும். டிஸ்க் இதை மறைக்க ஒரு சின்ன பகுதியை சாதாரண ட்ராக்கா வச்சு, முதல்ல அங்க வேகமா வாங்கி வச்சுக்கும், அது நிரம்பினதும் உள்ள அடுக்க போயிடும், அப்ப எழுத்து ஒண்ணொண்ணும் செகண்டு கணக்குல நிக்கும். ஆரம்பத்துல நல்லா போயிட்டு கொஞ்ச நேரத்துல படுத்துக்குதுன்னா இதை சந்தேகப்படுங்க. ரெய்டு ரீபில்டுக்கு (செத்த டிஸ்க்குக்கு பதிலா புதுசு போட்டு டேட்டாவை திரும்ப கட்டறது) இது சத்துரு, மணிக்கணக்குல முடிய வேண்டியது நாள்கணக்குல இழுக்கும். 2020ல நாஸுக்குன்னே (நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ் பெட்டி) விக்கிற டிஸ்க்லயும் எஸ்எம்ஆர் இருக்குன்னு வெளிய வந்து பெரிய சத்தம் ஆச்சு, அதுக்கு அப்புறம்தான் கம்பெனிங்க மாடல் வாரியா பட்டியல் போட்டாங்க. உங்க நாலு டிஸ்க்கோட மாடல் நம்பரையும் அந்த பட்டியல்ல தேடி பாருங்க, ஒண்ணு சிக்கினாலும் ட்யூனிங்கால அதை சரி பண்ண முடியாது, மாத்தித்தான் ஆகணும். நீங்க காசு செலவு பண்ண வேண்டிய இடம்னா அது இதுதான்.

டிஸ்க்கோட எரர் ரெக்கவரி நேரத்தையும் பாத்திடுங்க. ரெய்டுக்குன்னு வர்ற டிஸ்க் ஒரு செக்டரை படிக்க முடியலன்னா 7 செகண்டுல விட்டுட்டு எரர் சொல்லிடும், எம்டி பேரிட்டில இருந்து அதை மீட்டு திரும்ப எழுதிடும். டெஸ்க்டாப் டிஸ்க் நிமிஷக்கணக்குல முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கும், லினக்ஸ் கர்னல் 30 செகண்டுல பொறுமை இழந்து லிங்க்கையே ரீசெட் பண்ணும், நல்லா இருந்த டிஸ்க்கை அரேல இருந்து தூக்கி வெளிய போட்டுடும். அடிக்கடி அரை நிமிஷம் எல்லாமே உறைஞ்சு நின்னு திரும்ப வருதுன்னா இதுதான். டிஸ்க் ஏத்துக்கிட்டா 7 செகண்டுன்னு செட் பண்ணுங்க, ஏத்துக்கலன்னா கர்னல் டைம்அவுட்டை 180 செகண்டுக்கு ஏத்துங்க.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்லமாட்டாங்க. டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ்ல பெரும்பாலும் மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை, விடியறதுக்கு முன்னாடியே, ரெய்டு முழுக்க சரி பாக்குற வேலை தானா ஆரம்பிக்கும். 4 டிபி டிஸ்க்குக்கு அது விடிஞ்சும் ஓடும். முகூர்த்த ஞாயித்துக்கிழமையில கார்டை கொண்டு வந்து காப்பி போடும்போது மட்டும் ஸ்லோவா இருக்குன்னு நினைச்சீங்கன்னா ரெய்டோட நிலைமையை காட்டற ப்ராக் எம்டிஸ்டாட் ஃபைலை திறந்து பாருங்க, செக் ஓடிக்கிட்டு இருக்கலாம். அந்த செக்கை நிறுத்திடாதீங்க, ரொம்ப அவசியமானது, கிழமையை மட்டும் மாத்தி வச்சுக்கோங்க. அதோட வேகத்துக்கு மேல் எல்லை, கீழ் எல்லை ரெண்டும் ப்ராக்ல ரெய்டுக்கு கீழ இருக்கு, டிஃபால்ட்டா கீழ் எல்லை செகண்டுக்கு 1000 கேபி, மேல் எல்லை 200000 கேபி, வேலை நேரத்துல மேல் எல்லையை குறைச்சு வச்சுக்கலாம்.

ஃபைல்சிஸ்டம் அலைன்மென்ட் (ஃபைல்சிஸ்டத்தோட பிளாக்கை ரெய்டு பகுதியோட எல்லையில பொருத்தறது) பத்தி நெட்ல நிறைய எழுதியிருப்பாங்க, இப்ப அதுக்கு அவ்வளவு கவலை வேண்டாம். எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட் 4 ரெண்டுமே எம்டி மேல நேரா ஃபார்மட் பண்ணா சங்க் சைஸையும் டேட்டா டிஸ்க் எண்ணிக்கையையும் தானா கேட்டு தெரிஞ்சுக்கும். கையால குடுக்கணும்னா எக்ஸ்ட் 4க்கு உங்க அரேல ஸ்ட்ரைடு (ஒரு சங்க்ல எத்தனை 4 கேபி பிளாக்) 128, ஸ்ட்ரைப் விட்த் (மூணு டேட்டா டிஸ்க்குக்கும் சேத்து) 384. பார்ட்டிஷன் 2048ஆவது செக்டர்ல ஆரம்பிக்குதான்னு மட்டும் பாருங்க, பழைய காலத்து 63ல ஆரம்பிச்சிருந்தா ஒவ்வொரு 4 கேபி எழுத்தும் டிஸ்க்குக்குள்ள ரெண்டு செக்டரை தொடும், அது கொடுமை. ரீட் அஹெட் (கேக்கறதுக்கு முன்னாடியே அடுத்ததை படிச்சு வைக்கிறது) எம்டி தானாவே ரெண்டு ஸ்ட்ரைப் அளவுக்கு வச்சுக்கும், உங்களுக்கு 3 எம்பி, போதும்.

ரெய்டு கார்டு கேட்டீங்க. எக்ஸார் போடறதுக்காக கார்டு வேணும்ங்கிற காலம் எப்பவோ போச்சு, பூட் ஆகும்போது கர்னல் மெசேஜை பாத்தீங்கன்னா உங்க ப்ராசஸரே செகண்டுக்கு எத்தனை ஆயிரம் எம்பி பேரிட்டி போடுதுன்னு அதுவே அளந்து சொல்லும், நாலு டிஸ்க்குக்கு அது எங்கயோ மேல. கார்டுல உண்மையிலயே பிரயோஜனமானது ஒண்ணுதான், பேட்டரியோட இருக்கிற கேஷ் மெமரி. எழுத்து வந்ததும் வாங்கி வச்சுக்கிட்டு முடிஞ்சதுன்னு சொல்லிடும், அப்புறம் முழு ஸ்ட்ரைப்பா சேத்து எழுதும், கரண்ட் போனாலும் பேட்டரி காப்பாத்தும். அந்த பேட்டரி சாகும்போது கார்டு பாதுகாப்புக்காக நேரா எழுதுற மோடுக்கு மாறிடும். நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னைக்கு காலையில இருந்து படுத்துடுச்சுன்னு எனக்கு வந்த கார்டு கேஸ்ல முக்கால்வாசி இதுதான். அப்ப நிறைய பேரு பண்ற தப்பு, செட்டிங்ஸ்ல போயி பேட்டரி இல்லாட்டியும் பரவாயில்ல கேஷ்லயே வச்சுக்கோன்னு கட்டாயப்படுத்தறது. வேகம் உடனே வந்துடும். ஒரு கணக்கு ஆஃபீஸ்ல இதை பண்ணி வச்சிருந்தாங்க, ஒரு கரண்ட் கட்டுல ஃபைல்சிஸ்டமே சிதறிப்போயி நான் மூணு நாள் அங்கயே உக்காந்து மீட்டேன், முழுசா மீட்க முடியல. ஃபைல்சிஸ்டத்துல பேரியரை (எழுத்து சரியான வரிசையில டிஸ்க்ல இறங்குதான்னு உறுதி பண்ற ஏற்பாடு) ஆஃப் பண்ணுங்கன்னு சொல்றதும் இதே ரகம்தான். நீங்க வச்சிருக்கிறது யாரோ ஒருத்தர் வீட்டு தாலி கட்டுற சீன், இன்னொரு தடவை எடுக்க முடியாது. தயவுசெஞ்சு இந்த வழியில வேகம் தேடாதீங்க.

குட்டி ஃபைல் விஷயத்துக்கு வர்றேன். 20,000 ஃபைலை சாம்பா (நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற சாஃப்ட்வேர்) வழியா காப்பி பண்ணும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, உருவாக்கு, எழுது, தேதி போடு, மூடுன்னு மெஷினுக்கும் சர்வருக்கும் நடுவுல பல தடவை போயிட்டு வரணும், சர்வர் பக்கத்துல ஒவ்வொண்ணுக்கும் பேரு, தேதி மாதிரி குட்டி மெட்டாடேட்டா எழுத்து, அதுக்கும் மேல சொன்ன நாலு வேலை. ஒரு ஃபைலுக்கு 10 மில்லிசெகண்டுன்னு வச்சாலும் 200 செகண்டு, டேட்டா எவ்வளவு குட்டியா இருந்தாலும் சரி. இதை ரெய்டு ட்யூனிங்கால பாதிதான் குறைக்கலாம். எடிட்டிங் சாஃப்ட்வேரோட கேஷ், ப்ரிவ்யூ ஃபைல் எல்லாம் சர்வர்ல வச்சிருந்தீங்கன்னா இன்னைக்கே அதை எடிட்டிங் மெஷினோட சொந்த எஸ்எஸ்டிக்கு மாத்துங்க, அதுங்க அழிஞ்சாலும் திரும்ப உருவாகிக்கும், அதுக்கு ரெய்டு எதுக்கு. முடிஞ்சு போன ஆர்டரோட போட்டோ ஃபோல்டரை ஒரே டார் ஃபைலா கட்டி அனுப்புங்க, அப்ப அதுவும் வீடியோ மாதிரி வரிசையா ஓடும்.

அதுக்கும் மேல குட்டி எழுத்து வேணும்னா, டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் மாதிரி, ரெய்டு 5ஐ விட்டுட்டு ரெய்டு 10க்கு போறதுதான் நேர்மையான பதில். 12 டிபி கிடைக்கிற இடத்துல 8 டிபிதான் கிடைக்கும், மனசு வரணும். எம்டியில அதுக்கு ஃபார்னு ஒரு லேஅவுட் இருக்கு, ரெண்டாவது காப்பியை டிஸ்க்கோட பின்பாதியில வைக்கும், அதனால வரிசையா படிக்கிற வேகம் ரெய்டு 0 (காப்பியே இல்லாம டேட்டாவை பிரிச்சு மட்டும் வைக்கிறது) மாதிரி எகிறும், எழுதும்போது ஹெட் கொஞ்சம் அலையும். வெறும் ரெய்டு 1ல (ரெண்டு டிஸ்க்லயும் அதே டேட்டா) ரெண்டு டிஸ்க் இருக்கே படிக்கிற வேகமும் ரெண்டு மடங்கு வரும்னு எதிர்பாக்காதீங்க, ஒரு ஆள் ஒரு ஃபைலை படிச்சா எம்டி ஒரு டிஸ்க்ல இருந்துதான் குடுக்கும், ரெண்டு பேரு படிச்சாத்தான் ரெண்டும் வேலை செய்யும்.

எஸ்எஸ்டியா மாத்தறது உங்க வேலைக்கு இப்ப தேவையில்லாத செலவு. மாத்துறதா இருந்தா கரண்ட் போனா தாங்குற கெப்பாசிட்டர் உள்ள வச்ச மாடலா வாங்குங்க, சாதாரண எஸ்எஸ்டி சிங்க் எழுத்துன்னு (உண்மையிலேயே இறங்கிடுச்சுன்னு உறுதியாகற வரைக்கும் காத்திருக்கிற எழுத்து) வந்தா நிஜமான வேகத்துக்கு இறங்கிடும், பெரிய வீடியோ எழுதினா முதல்ல வாங்கி வைக்கிற அதோட வேகமான எஸ்எல்சி கேஷும் தீந்து போயி சில மாடல் டிஸ்க் வேகத்துக்கே வந்துடும். அதை விட, மேல சொன்னதெல்லாம் பண்ணி சர்வருக்குள்ள எழுத்து 200ஐ தாண்டிச்சுன்னா, அப்ப 2.5 ஜிகாபிட் கார்டு ரெண்டும் அதுக்கு ஒரு ஸ்விட்சும் வாங்குங்க, கணக்குப்படி 312 எம்பி வரைக்கும் வழி கிடைக்கும், நல்ல கேட் 5ஈ வயராவே இருந்தா வயரையும் மாத்த வேண்டாம். இந்த வரிசையை மாத்திடாதீங்க, உள்ள 40 எம்பி எழுதுற சர்வருக்கு எவ்வளவு அகலமான ரோடு போட்டாலும் 40தான்.

இந்த வாரம் பண்ண வேண்டியது இதுதான். முதல்ல பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களான்னு பாத்துக்கோங்க, அது இல்லாம எந்த நம்பர்லயும் கை வைக்க வேண்டாம். அப்புறம் ஃபியோ ஓட்டி இப்ப இருக்கிற வேகத்தை குறிச்சுக்கோங்க. பெரிய காப்பி ஒண்ணு ஓடும்போது ஐஓஸ்டாட்டை பத்து நிமிஷம் பாருங்க, நாலு டிஸ்க்கோட டபிள்யூ அவெயிட்டும் பக்கத்து பக்கத்துல இருக்கா, ஒண்ணு மட்டும் தனியா நிக்குதா. தனியா நின்னா ஸ்மார்ட் ரிப்போர்ட், லிங்க் வேகம், மாடல் நம்பர், இந்த மூணும். சீரா இருந்தா ஸ்ட்ரைப் கேஷை 4096 ஆக்கி திரும்ப ஃபியோ, அப்புறம் பிட்மேப், திரும்ப ஃபியோ. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும், ரெண்டை சேத்து மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. யூடெவ் ரூல் எழுதினதுக்கு அப்புறம் ஒரு தடவை ரீபூட் பண்ணி அந்த ஸ்ட்ரைப் கேஷ் ஃபைலை திறந்து பாருங்க, திரும்ப 256னு காமிச்சா ரூல்ல எங்கயோ ஸ்பெல்லிங் தப்பியிருக்கு.